ஆன் ஆகாத லேப்டாப்: ஹார்டு டிஸ்க்கில் அப்பாவின் வயல் குறிப்புகள், எப்படி மீட்பது?

வடவாற்றங்கரை எழுதியது:

வணக்கம். எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். நான் கோயம்புத்தூரில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர் ஓரளவு பழக்கம் உண்டு. ஆனால் ஒரு ஹார்டு டிஸ்க்கைத் தனியாகக் கையில் பிடித்துப் பார்ப்பது இந்த வாரம்தான் முதல் தடவை. அதனால் கேள்வியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் கிடைத்த லேப்டாப் இது. வருடம் 2013. நர்சிங் படிக்கப் போன இடத்தில் அது தேவைப்படவில்லை, வீட்டிலேயே விட்டுவிட்டேன். அப்பா எடுத்துக்கொண்டார். மன்னார்குடியில் டிடிபி கடை வைத்திருந்த அவருடைய நண்பர் தமிழில் டைப் அடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அதுவரை நோட்டில் எழுதி வைத்திருந்ததை எல்லாம் அப்பா ஒவ்வொன்றாக வேர்டில் ஏற்றினார்.

எங்களுக்கு ஒன்பது மா நிலம். 2009 முதல் போன வருடம் வரை வருடத்துக்கு ஒரு ஃபைல். நாற்று விட்ட தேதி, நட்ட தேதி, எந்த மடையில் எந்த நெல், எந்தப் பூச்சி எந்த வாரம் வந்தது, மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது, எல்லாம் அதில் இருக்கும். மழையை அவர் மில்லிமீட்டரில் எழுத மாட்டார். ‘ஒரு உழவு மழை’, ‘அரை உழவு’ என்றுதான் எழுதுவார். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் அவர்கள் கையால் இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா விதை வாங்கி வந்தார். அடுத்த வருடம் முறைப்படி நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுத்தார். அன்று தொடங்கி அந்த நெல் எங்கள் மண்ணில் எப்படி வந்தது என்பது வருடம் வருடமாக அந்த ஃபைல்களில்தான் இருக்கிறது. வேறு பிரதி இல்லை. டைப் அடித்த பிறகு நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது.

போன ஐப்பசியில் கரண்ட் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலையில் லேப்டாப் ஆன் ஆகவில்லை. சார்ஜர் விளக்குகூட எரியவில்லை. பக்கத்து டவுனில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். மதர்போர்டு போய்விட்டது, அது இனி ஆகாது என்று சொல்லி, ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி அவர்கள் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். “ஃபார்மேட் கேக்குது, பண்ணித் தரவா?” என்று கேட்டார்களாம். அப்பாவுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியாது. “எம்பொண்ணு வரட்டும்” என்று சொல்லி டிஸ்க்கைத் துண்டில் சுற்றி எடுத்து வந்துவிட்டார்.

நான் யுஎஸ்பி–சாட்டா கேபிள் வாங்கி என் லேப்டாப்பில் மாட்டினேன். 320 ஜிபி டிஸ்க். விண்டோஸ் இருக்கும் டிரைவ் திறக்கிறது. அப்பாவின் ஃபோல்டர் இருக்கும் இரண்டாவது டிரைவைத் தொட்டால், பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று வருகிறது. கேன்சல் கொடுத்தேன். டிஸ்க் வழக்கம்போல் சுற்றுகிறது. நடுநடுவே ஒரு சின்ன ‘ட்ரிக்’ சத்தம், அப்போது என் லேப்டாப் சில வினாடி அப்படியே நிற்கிறது.

இனி நான் என்ன செய்ய வேண்டும், முக்கியமாக என்ன செய்யக் கூடாது? அப்பா தினமும் போன் செய்து வேறு எதையோ பேசிவிட்டு, வைக்கும்போது “அது என்னாச்சும்மா” என்று கேட்கிறார்.

ஹைவே ராஜா எழுதியது:

பயப்படாதீங்க, ரொம்ப சிம்பிள். விண்டோஸ்லயே இருக்கிற செக் டிஸ்க் ஓட்டுங்க, அதுவே சரி பண்ணிடும். எனக்கு ஒரு பென் டிரைவ்ல அப்படித்தான் திரும்ப வந்தது. இல்லன்னா ஏதாவது ரிக்கவரி சாப்ட்வேர் இறக்கி அதே டிஸ்க்ல ஓட விடுங்க. டிஸ்க்கை பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தாலும் வேலை செய்யும் என்று கேள்வி.

பழைய தட்டு எழுதியது:

தங்கச்சி, மேலே சொன்ன மூன்றில் எதையும் செய்துவிடாதீர்கள். உதவ வேண்டும் என்று நினைத்துத்தான் அவர் சொல்கிறார். ஆனால் பென் டிரைவுக்குப் பலித்தது பழுதான ஹார்டு டிஸ்க்குக்குப் பலிக்காது. திருச்சியில் பதினெட்டு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். செக் டிஸ்க் ஓட்டிய பிறகு என்னிடம் வந்த டிஸ்க்குகளைப் பார்த்து நான் வருத்தப்பட்டது கொஞ்சநஞ்சமல்ல. சரி பண்ணச் சொல்லி ஓட்டினால் செக் டிஸ்க் வெறுமனே படித்துப் பார்ப்பதில்லை, டிஸ்க்கில் எழுதும். கணக்கில் ஒத்துவராத ஃபைல்களின் பதிவை வெட்டிவிட்டு, துண்டுகளைப் பெயரில்லாமல் ஒரு ஃபோல்டரில் தள்ளிவிடும். அது டிரைவைச் சுத்தப்படுத்தப் பார்க்கும், உங்கள் அப்பாவின் எழுத்தைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே ஈரம் படியும். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டின்மேல் முடியைவிடப் பல மடங்கு மெல்லிய இடைவெளியில், அதைப் படிக்கும் ஹெட் பறக்கிறது. அங்கே ஒரு நீர்த்துளி போதும்.

கடைக்காரரிடம் இருந்து அதைத் திருப்பி வாங்கி வந்தாரே உங்கள் அப்பா, அங்கேயே பாதி வேலை முடிந்தது.

முதலில் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். நகல் எடுக்கும் ஏற்பாடு தயாராகும்வரை அதற்குக் கரண்ட் கொடுக்க வேண்டாம்.

உங்கள் டிஸ்க்கின் நிலை என்னவென்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மதர்போர்டு போனதற்கும் டிஸ்க்கில் இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. கரண்ட் ஏறி இறங்கியதில் டிஸ்க்குக்கும் அடி பட்டிருக்கலாம், அல்லது வயதாகிவிட்டிருக்கலாம். ‘டக் டக் டக்’ என்று தாளம் தப்பாமல் அடித்து, கம்ப்யூட்டரிலும் தெரியாமல் போனால் ஹெட் போய்விட்டது என்று அர்த்தம். அப்படி என்றால் தூசி புகாத அறை வைத்திருக்கும் லேபுக்குத்தான் போக வேண்டும், வீட்டில் தொடக் கூடாது. உங்களுடையது அப்படி இல்லை. ஒரு டிரைவ் ஒழுங்காகத் திறக்கிறது, ஆகவே ஹெட் படிக்கிறது. சில இடங்கள் மட்டும் படிக்க வராமல், டிஸ்க் அதையே திரும்பத் திரும்ப முயல்கிறது. அதுதான் அந்த ‘ட்ரிக்’, அதுதான் லேப்டாப் நிற்பதும்.

விண்டோஸ் ஃபார்மேட் கேட்பதைப் பார்த்து டிரைவ் காலி என்று நினைக்க வேண்டாம். அந்த டிரைவ் இருக்கும் பார்ட்டிஷனின் முதல் செக்டரையோ, அதாவது முதல் சின்னத் துண்டையோ, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கும் பேரேட்டையோ அதனால் படிக்க முடியவில்லை. தெருமுனைப் பலகை விழுந்துகிடக்கிறது, வீடுகள் இடியவில்லை.

அதனால் முதலில் டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரு நகல் எடுக்க வேண்டும். தேடுவது, மீட்பது எல்லாம் அந்த நகலில்தான். அசல் டிஸ்க்கை நகல் எடுக்கும் அந்த ஒரு முறை மட்டும்தான் ஓட்ட வேண்டும்.

இதற்கு நான் நம்புவது ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. இலவசம், லினக்ஸில் ஓடும். ஒரு பென் டிரைவில் உபுண்டு என்ற லினக்ஸை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் ‘ட்ரை’ கொடுத்துத் திறந்தால் போதும். உபுண்டுவில் தேடும்போது ஜிடிடிரெஸ்க்யூ என்று ‘ஜி’ சேர்த்துத் தேடுங்கள். ஏறத்தாழ அதே பெயரில் இன்னொன்று இருக்கிறது, அது வேறு. நகலை வைக்க காலியான ஒரு 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குங்கள். அது ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏறாது, என்டிஎஃப்எஸ்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஒரு டெஸ்க்டாப்பில், சாட்டா வயரில் நேரடியாக மாட்டுங்கள். பழுதான இடம் வந்ததும் யுஎஸ்பி கேபிளில் உள்ள சிப் திணறி, டிஸ்க்கையே காணோம் என்று சொல்லிவிடும். நேரடி வயரில் அந்தத் தொல்லை குறைவு.

டிடிரெஸ்க்யூவை இரண்டு ஓட்டமாக விடுங்கள். முதல் ஓட்டத்தில் கட்டளையோடு மைனஸ் என் (-n) சேர்த்தால், நல்லபடியாகப் படிக்க வரும் இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கஷ்டமான இடங்களைக் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப் போகும். டிஸ்க் நடுவில் உயிர் விட்டாலும் பெரும் பகுதி கைக்கு வந்திருக்கும். இரண்டாவது ஓட்டத்தில் மைனஸ் டி (-d), மைனஸ் ஆர் 3 (-r3). விடுபட்ட இடங்களை மட்டும் மூன்று முறை முயலும். இரண்டு ஓட்டத்துக்கும் ஒரே மேப் ஃபைலின் பெயரைக் கொடுக்க வேண்டும். எது படித்தாயிற்று, எது பாக்கி என்று அதில்தான் எழுதி வைக்கும். கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் தொடரலாம். மேப் ஃபைல் இல்லாமல் ஓட்டினால் எல்லாம் முதலிலிருந்து.

ஒரே ஒரு இடத்தில் கை நடுங்க வேண்டும்: எது பழைய டிஸ்க், எது புதிய டிஸ்க் என்பதில். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் உங்கள் அப்பாவின் டிஸ்க்மேலேயே எழுதிவிடும் ஆபத்து உண்டு. அளவை வைத்துப் பாருங்கள். 320 எது, 1000 எது. பார்த்து, காகிதத்தில் எழுதி, பக்கத்தில் இன்னொருவரை வைத்து வாசித்த பிறகு என்டரைத் தட்டுங்கள்.

நகல் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். அப்புறம் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருளை நகலின்மேல் ஓட்டுங்கள். என்டிஎஃப்எஸ் தன் முதல் செக்டருக்கு ஒரு பிரதியைப் பார்ட்டிஷனின் கடைசியில் வைத்திருக்கும். டெஸ்ட்டிஸ்க் அதைக் கண்டுபிடித்துவிட்டால் ஃபோல்டர் எல்லாம் பெயரோடு வரும். அதிலும் வராததற்கு ஃபோட்டோரெக். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது போட்டோ மட்டும் தேடுவதில்லை, வேர்டு ஃபைலும் தேடும். ஆனால் அது பேரேட்டையே பார்க்காது. ஃபைலின் ஆரம்ப அடையாளத்தை வைத்துப் பொறுக்கி எடுக்கும். பழைய பெயர், ஃபோல்டர் எதுவும் இருக்காது. கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் முன் சந்தேகம் இருந்தால் இங்கே எழுதுங்கள். இரவில் பார்க்கிறேன்.

மேசை விளக்கு எழுதியது:

பழைய தட்டு சொன்னது சுற்றும் டிஸ்க்குக்கு. இந்தக் கேள்வியைத் தேடி வேறு யாராவது புது லேப்டாப்போடு வந்தால் அவர்களுக்காக ஒரு சின்னக் குறிப்பு.

என் அக்காவின் 2022 லேப்டாப் தண்ணீர் கொட்டிப் போய்விட்டது. உள்ளே சின்ன பலகை மாதிரி, சுற்றும் தட்டே இல்லாத எம்.2 எஸ்எஸ்டி. அதை யுஎஸ்பியில் மாட்ட நான் அவசரத்தில் ஒரு கேஸ் வாங்கினேன், அது எம்.2 சாட்டாவுக்கானது. அக்காவுடையது என்விஎம்இ, அது வேறு இணைப்பு முறை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பொதுவாக ஒரு வெட்டு இருந்தால் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஸ்டிக்கரைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சரியான கேஸில் மாட்டியதும் பிட்லாக்கர் பூட்டு, அதாவது சாவி இல்லாமல் உள்ளே இருப்பதைப் படிக்க விடாத விண்டோஸ் ஏற்பாடு. அக்காவுக்கு அப்படி ஒன்று போட்டிருப்பதே தெரியாது. விண்டோஸ் தானாகவே பூட்டியிருக்கிறது. 48 இலக்கச் சாவி, ஆறு ஆறாக எட்டுக் கூறு. அவர் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போய்ப் பார்த்தபோது ரிக்கவரி கீ என்ற இடத்தில் இருந்தது. அது இல்லையென்றால் எந்தக் கடையாலும் எந்த லேபாலும் திறந்திருக்க முடியாது. லேப்டாப் நன்றாக இருக்கும்போதே அதைத் தாளில் எழுதி வையுங்கள் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. எஸ்எஸ்டியில் கைதவறி அழித்த ஃபைலை மீட்பது ஹார்டு டிஸ்க்கைப் போல் இல்லை. டிரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும். சில லேப்டாப்களில் சேமிப்பகம் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கும், கழற்றவே முடியாது. இந்தத் தங்கைக்குக் கிடைத்தது பழைய ஹார்டு டிஸ்க் என்பது நல்லதற்குத்தான்.

வடவாற்றங்கரை, எட்டு நாள் கழித்து எழுதியது:

பழைய தட்டு அண்ணா, நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். கூட வேலை பார்ப்பவரின் வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருந்தது. இரவு டியூட்டி முடிந்து நேராக அங்கே போனேன். எது 320, எது 1000 என்று எழுதி, அவரை வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் என்டர் தட்டினேன். மருந்து ஏற்றும் முன் இரண்டு பேர் படித்துச் சரிபார்ப்போமே, அதே மாதிரி.

முதல் ஓட்டம் அன்று மதியத்துக்குள் 99 சதவீதத்தைத் தாண்டியது. மீதிக்கு இரண்டு ராத்திரி ஆனது. கடைசியில் படிக்க வராதது 6 எம்பிக்கும் குறைவு. 320 ஜிபியில் அவ்வளவுதான்.

டெஸ்ட்டிஸ்க் நீங்கள் சொன்ன கடைசிப் பிரதியைக் கண்டுபிடித்தது. ‘வயல்’ ஃபோல்டர் பெயரோடு வந்ததும் நான் அழுதுவிட்டேன். ஆனால் உள்ளே 2009 முதல் 2013 வரையும், 2019 முதல் போன வருடம் வரையும்தான் இருக்கிறது. 2014 முதல் 2018 வரை ஐந்து ஃபைல்கள் பட்டியலிலேயே இல்லை. ஃபோட்டோரெக் ஓட்டினேன். வேர்டு ஃபைல் மட்டும் 1,140 வந்திருக்கிறது. எல்லாம் எஃப் என்று தொடங்கி நீளமான எண். டிடிபி மாமா வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகள், காதுகுத்து, கோயில் நோட்டீஸ் எல்லாம் இதில் கலந்திருக்கிறது போலிருக்கிறது.

இப்போது இதைவிடப் பெரிய பயம். திறந்தால் தமிழே இல்லை. எல்லாம் ஆங்கில எழுத்து, இடையிடையே அரைப்புள்ளி, குறிகள். பெயரோடு கிடைத்த நல்ல ஃபைல்களும் அப்படியே இருக்கின்றன. ஒரே கோர்வை திரும்பத் திரும்ப வருகிறது: ஆர், கே, அரைப்புள்ளி, ஜி, எச். எல்லாம் கெட்டுவிட்டதா? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பக்கக் கட்டு எழுதியது:

தங்கச்சி, ஒன்றும் கெடவில்லை. நான் யாழ்ப்பாணம். பத்திரிகைகளுக்கும் நினைவு மலர்களுக்கும் பக்கம் கட்டுகிறது என்ர வேலை. பதினைஞ்சு வருசம் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தேன், இப்பவும் கை தானாக அதுக்குத்தான் போகும். நீங்கள் எழுதின ஆர், கே, அரைப்புள்ளி, ஜி, எச் என்பதை நான் எழுத்தாகப் பார்க்கவில்லை, வாசித்தேன். ஆர் என்றால் ச. கே என்றால் ம. அரைப்புள்ளி மேலே வைக்கிற புள்ளி, ஆகவே ம். ஜி என்றால் ப. எச் என்றால் கால்.

சம்பா.

உங்கட அப்பா சம்பா, சம்பா என்று எழுதி வைச்சிருக்கிறார். நீங்கள் அதைத்தான் பார்த்துக் கெட்டுப்போச்சு என்று பயந்திருக்கிறீர்கள். எனக்கு இதை எழுதேக்கையே மனம் நிறைஞ்சு போச்சு.

பாமினி யூனிகோட் வருவதற்கு முந்தின முறை. கம்ப்யூட்டருக்கு அது ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும், எழுத்துருதான் அதுக்குத் தமிழ் உருவம் போடும். உங்கட கணினியில் பாமினி இல்லை, அவ்வளவுதான். அதை நிறுவிவிட்டு ஃபைலைத் திறவுங்கோ, தமிழ் வந்துவிடும்.

1,140 கோப்பையும் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டாம். கல்யாணப் பத்திரிகையில் சம்பா வராது. அந்த ஐந்து எழுத்துக் கோர்வையைத் தேடினால் வயல் கோப்பு மட்டும் வரும். பழைய வேர்டு கோப்பில் இந்த மாதிரி ஆங்கில எழுத்து பெரும்பாலும் அப்படியே உள்ளே கிடக்கும். விண்டோஸ் தேடலில் அரைப்புள்ளி குழப்பும். உங்களிட்ட உபுண்டு இருக்கிறபடியால் அதிலுள்ள கிரெப் என்ற கட்டளையால் தேடுங்கோ, எந்தெந்தக் கோப்பில் அது இருக்கு என்று பட்டியல் தரும்.

இதில் ஒரு நுட்பம். ஆங்கில வசனம் என்று நினைத்து வேர்டு வரியின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கிவிடும். பாமினியில் சின்ன ஆர் ச, பெரிய ஆர் சு. ஆகவே வரித் தொடக்கத்தில் இருந்த சம்பா, ‘சும்பா’ ஆகியிருக்கும். பெரிசு சின்னன் பார்க்காமல் தேடச் சொல்லுங்கோ.

யூனிகோடுக்கு மாற்றுகிற கருவிகள் இணையத்தில் இருக்கு. மாற்றின பிறகு ஆளே இருந்து வாசிக்க வேணும். உங்கட அப்பா இடையில் ஆங்கிலத்தில் கேஜி என்று அடித்திருந்தால் மாற்றி அதையும் பாமினி என்று நினைக்கும். கே ம, ஜி ப. ‘40 மப விதை’ என்று வரும். இலக்கங்கள் அப்படியே இருக்கும், அதுக்குப் பயமில்லை. மூலக் கோப்பை அழிக்காமல் பக்கத்தில் வைச்சுக்கொண்டு திருத்துங்கோ.

பழைய தட்டு எழுதியது:

பக்கக் கட்டு அவர்களுக்கு நன்றி. எனக்கு இந்த எழுத்துரு விஷயம் தெரியாது. டிஸ்க்கை மீட்டுக் கொடுத்தபோது ‘எல்லாம் குப்பையா வந்திருக்கு’ என்று வருத்தத்தோடு போனவர்கள் இரண்டு மூன்று பேர் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவருடைய எண் இன்னும் இருக்கிறது. இன்றைக்கே கூப்பிடுகிறேன்.

தங்கச்சி, ஒரு விஷயம். வேர்டில் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும், மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை பழைய பிரதி டிஸ்க்கில் எங்காவது கிடக்கக்கூடும். ஃபோட்டோரெக் அதையும் எடுத்திருக்கும். ஒரே வருடத்துக்குப் பத்துப் பதினைந்து ஃபைல் வந்தால் குழம்ப வேண்டாம். உள்ளே கடைசியாக எழுதிய தேதி எதில் பிந்தியது என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதையும் வைத்திருங்கள், ஒன்றில் கெட்ட பக்கம் இன்னொன்றில் நன்றாக இருக்கும்.

வடவாற்றங்கரை, அடுத்த வாரம் எழுதியது:

அக்கா, சம்பா என்று நீங்கள் எழுதியதைப் பேருந்தில் உட்கார்ந்து படித்தேன். அங்கேயே அப்பாவுக்குப் போன் செய்து, “அப்பா, சம்பா இருக்கு” என்று மட்டும் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு முழுவதும் சொன்னேன்.

கிரெப் 63 ஃபைல் கொடுத்தது. லீவு போட்டு ஊருக்கு வந்து, அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன். எந்த வருடம் என்று கண்டுபிடிக்க எனக்கு நேரமாகும். அவர் இரண்டு வரி பார்த்ததும் சொல்லிவிடுகிறார். “இது பூங்கார் வடக்கு மடையில போட்டது, பதினாலு” என்கிறார். 2014, 2015, 2017 முழுசாகக் கிடைத்துவிட்டன. 2018க்குப் பதினோரு பிரதி. பத்தில் கடைசிப் பக்கம் கிடையாது, ஒன்றில் இருந்தது. அந்தப் பக்கத்தில் நவம்பர் 16, கஜா புயல் அடித்த நாள். அப்பா எழுதியிருப்பது நான்கு வரி. தென்னை பதினொன்று சாய்ந்தது. மாட்டுக் கொட்டகைக் கூரை இல்லை. கீழ மடை மாப்பிள்ளைச் சம்பா படுத்துவிட்டது. விதை நெல் பரணில், நனையவில்லை.

அந்த நான்காவது வரியைப் படித்ததும் அம்மா உள்ளே போய் அந்தப் பரணைக் காட்டினார்கள். புயலன்று இரவு மூட்டையை அங்கே ஏற்றியது அம்மாவாம். எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

2016 மட்டும் சரியாக வரவில்லை என்று நினைத்தேன். ஐப்பசியோடு நிற்கிறது. நேரடி விதைப்பு, எந்த மடையில் எவ்வளவு என்று இருக்கிறது, அதற்குமேல் வெறுமை. ஒன்பது பிரதியையும் திறந்து பார்த்தேன், எல்லாம் அதே இடத்தில் முடிகிறது. படிக்க வராத அந்த 6 எம்பியில் போய்விட்டது போல என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் திரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, “இல்லம்மா, அவ்வளவுதான் எழுதினேன். அந்த வருஷம் மழையே இல்ல. கருகினதப் போயி என்னத்த எழுதுறது” என்றார்.

மொத்தத்தையும் மூன்று இடத்தில் வைத்துவிட்டேன். திருவாரூரில் தம்பியிடம் ஒரு டிஸ்க், என்னிடம் ஒன்று, ஆன்லைனில் ஒன்று. யூனிகோடுக்கு மாற்றியதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ‘மப’ நிறைய வருகிறது அக்கா. சும்பாவும் வருகிறது. சிவப்பு பேனாவால் அதைத் திருத்துவது அப்பாவின் வேலை. 2011 வரை முடித்திருக்கிறார்.